ரத்தம் எடுக்கப் பழகுதல்: ஊசி உள்ளே போவதோடு பாடம் முடிந்துவிடுகிறதா?

ஜூன் 14, இரவு

மும்பை முலுண்டில் டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம்) முதலாண்டு படிக்கும் தங்கை ஒருவர் கேட்கிறார்: "எத்தனை பேருக்குக் குத்தினால் கை பழகும்? சிரை கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்கிறார் எங்கள் சீனியர். எனக்கும் அது சரி என்றே படுகிறது. ஆனாலும் கை நடுங்குகிறது."

சீனியர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஊசி தோலுக்குள் போவது ஒரு நொடி. அதற்கு முன்னும் பின்னும் நிறைய வேலை இருக்கிறது; ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. நோயாளிக்கு வருகிற கெடுதல் பெரும்பாலும் குத்துவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆள் மாறியிருக்கலாம், இடத்தைத் தவறாகத் தேர்ந்திருக்கலாம், டூர்னிகே, அதாவது மேல்கையில் இறுக்கும் பட்டை, கட்டி நேரமாகியிருக்கலாம். நமக்கு வருகிற கெடுதல் குத்தி முடித்த பிறகு வருகிறது, ரத்தம் தோய்ந்த ஊசி வெளியே வந்த அந்தச் சில நொடிகளில். பயிற்சிக் கூடத்தில் ரப்பர் கையை வைத்துக்கொண்டு நடுவிலுள்ள அந்த ஒரு நொடியை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறார்கள். ரப்பர் கைக்குப் பெயர் கிடையாது. மயக்கம் வராது. அதிலிருந்து எடுத்த ஊசி விரலில் பட்டாலும் இரவெல்லாம் தூக்கம் போகாது.

எண்ணிக்கையை விடுங்கள். நாளை வகுப்பில் எதையும் தொடுவதற்கு முன்னால், பயன்படுத்திய ஊசியைப் போடும் வெள்ளைப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வலது கைக்காரர் என்றால் அது உங்கள் வலப் பக்கம், எழுந்திருக்காமல் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மேசையின் மறுகோடியிலோ நோயாளியின் கைக்கு அப்பாலோ இருந்தால் பக்கத்தில் நகர்த்தி வையுங்கள். யாராவது தடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஜூன் 15, மதியம்

சரி, சிரையைப் பற்றியே முதலில் எழுதிவிடுகிறேன். பெட்டியைப் பற்றி எழுதினால் யாரும் பதில் போடுவதில்லை, சிரை என்றால் வரிசையாகக் கேள்வி வருகிறது.

கண்ணை நம்பாதீர்கள். தோலுக்கு மேல் நீலமாகத் தெரிவது பல சமயம் மெல்லிய கிளை. ஊசி பட்டதும் நழுவும், நழுவாவிட்டால் பாதி டியூப்பில் ரத்தம் நின்றுவிடும். நல்ல சிரை பல பேரிடம் கண்ணுக்கே தெரியாது. ஆட்காட்டி விரலின் நுனியால் தேட வேண்டும். கட்டைவிரலில் அதற்கென்றே ஒரு துடிப்பு இருப்பதால் அது குழப்பும். அழுத்தி விட்டதும் எழும்பி வருவது சிரை. தண்ணீர் நிறைந்த மெல்லிய ரப்பர் குழாயைத் துணிக்கு மேலிருந்து அழுத்துவது போல இருக்கும். அமுங்காமல் கட்டையாக நிற்பது தசைநாண். துடிப்பது தமனி, அங்கே ஊசிக்கு வேலையில்லை.

முழங்கை மடிப்பில் நடுவே குறுக்காக ஓடுவது மீடியன் க்யூபிடல். முதலில் அதைத்தான் தேட வேண்டும். ஓரளவு நிலையாக நிற்கும், பக்கத்தில் ஆபத்தான சங்கதி குறைவு. கிடைக்காவிட்டால் கட்டைவிரல் பக்கமாக ஓடும் செஃபாலிக். சுண்டுவிரல் பக்கமுள்ள பேசிலிக் கடைசித் தேர்வு. மாணவர்கள் பலருக்கும் அதுதான் பிடிக்கிறது, ஏனென்றால் பெரிதாகத் தெரிகிறது, ஆசை காட்டுகிறது. அதன் அருகிலேயே கைக்குப் போகும் பெரிய தமனியும் உணர்வு நரம்புகளும் இருக்கின்றன. குத்தியவுடன் நோயாளி "விரல் வரைக்கும் மின்சாரம் பாய்கிறது" என்றால் ஒரு நொடிகூட யோசிக்காமல் டூர்னிகேயை அவிழ்த்து ஊசியை எடுத்துவிட வேண்டும். உள்ளேயே முனையைத் திருப்பித் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று. சிரையின் மேல் விரலை ஓட்டும்போது அங்கங்கே சிறு முடிச்சு போலத் தட்டுப்படும். அது வால்வு. 1628-இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி ரத்த ஓட்டத்தை விளக்கியபோது இதே முழங்கையில் கட்டுப் போட்டு, இதே முடிச்சுகளை விரலால் அழுத்தி, ரத்தம் ஒரு திசையில் மட்டுமே போகிறது என்று காட்டினார். அந்த வால்வுகளை ஆராய்ந்து எழுதிய ஃபாப்ரீசியஸ், இத்தாலியின் பதுவாவில் ஹார்விக்கு ஆசிரியராக இருந்தவர். காலையில் வரிசையில் காத்திருக்கும் ஒருவரின் கையைத் தொடும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது, மனதுக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. நமக்கு வேண்டியது, முடிச்சின் மீது குத்தாமல் நேராக ஓடும் பகுதியைத் தேர்வது.

ஜூன் 15, மாலை

குத்தும் விதம். மதியம் விட்டுப்போனது.

எழுபது சதவீத ஆல்கஹால், 30 நொடி துடைப்பு, 30 நொடி காயவிடுதல். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இது. காயாமல் குத்தினால் எரியும், ரத்த அணுக்களும் உடையும். ஊதக் கூடாது. துடைத்த இடத்தை "ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்" என்று மறுபடி தொடவும் கூடாது.

இடது கட்டைவிரலால், குத்துமிடத்துக்குக் கீழே தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். மேலே ஆட்காட்டி விரலையும் வைத்து இரண்டு பக்கமும் விரித்துப் பிடிப்பார்கள் சிலர். நோயாளி கையை உதறினால் ஊசி நேராக அந்த ஆட்காட்டி விரலில்தான் இறங்கும். ஊசியின் சாய்ந்த வாய் மேலே பார்க்க வேண்டும். கோணம் 30 பாகைக்கு மேல் வேண்டாம். தோலைத் தாண்டும்போது ஒரு தடை தெரியும், பிறகு சிரையின் சுவர் விடும்போது மெல்லிய இளக்கம் ஒன்று விரலுக்குத் தெரியும். அங்கே நிறுத்துங்கள். ரத்தம் வந்துவிட்டதைப் பார்த்த மகிழ்ச்சியில் இன்னும் கொஞ்சம் தள்ளுவதால்தான் மறுபக்கச் சுவரும் ஓட்டையாகி, முழங்கை நீலம் பாரிக்கிறது.

ஜூன் 16

டூர்னிகேயை முழங்கை மடிப்புக்கு எவ்வளவு மேலே கட்டுவது என்று இரண்டு பேர் சண்டை போட்டிருக்கிறீர்கள். ஒருவர் மூன்று நான்கு விரல் என்கிறார், இன்னொருவர் நான்கு ஐந்து. பாடநூலுக்குப் பாடநூல் அப்படித்தான் இருக்கிறது, அதில் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. நேரம்தான் சங்கதி. ஒரு நிமிடம். அதற்குள் ஊசி உள்ளே போகவில்லை என்றால் அவிழ்த்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி கட்டுங்கள். கட்டியபடியே வைத்திருந்தால் நீர் வெளியேறி ரத்தம் அடர்ந்துபோகும். புரதமும் கால்சியமும் உண்மையில் இருப்பதைவிடக் கூடிக் காட்டும்.

"முட்டி பந்த் கரோ" (கையை மூடுங்கள்) என்று சொன்னதும் மும்பைக்காரர்கள் பாதிப் பேர் கையை மூடித் திறந்து மூடித் திறந்து பம்ப் அடிப்பார்கள். யாரோ எப்போதோ அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் பொட்டாசியம் ஏறிவிடும். மூடி வைத்திருந்தால் போதும், ரத்தம் ஓடத் தொடங்கியதும் திறந்துவிடச் சொல்லுங்கள்.

ஜூன் 19, இரவு

பெயர். இதை நான் முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது, சிரைக்கும் முன்னால்.

வேலை பார்ப்பது மாட்டுங்காவில் ஒரு லேபில். காலையில் தாராவி, சயன் பக்கம் வீடுகளுக்கும் போவேன். தாராவியில் ஒரே சந்தில் மூன்று முருகன் இருப்பார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரே ஊர்க்காரர்கள் வந்து குடியேறிய இடம். தாத்தா பெயர் பேரனுக்கு, குலசாமி பெயர் வீட்டுக்கு ஒருவருக்கு. அங்கே போய் "நீங்கள் முருகனா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று வரும். காது மந்தமான பெரியவர் எதற்கும் "ஆமாம்" என்பார். காய்ச்சலில் கிடப்பவரும் அப்படித்தான். "உங்கள் பெயர் என்ன? வயது என்ன?" என்று அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். சொன்னதைச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். குறைந்தது இரண்டு அடையாளம் ஒத்துப்போக வேண்டும்; வீட்டு எண் அதில் சேராது.

லேபிள் எப்போது ஒட்டுவது? ரத்தம் எடுத்த பிறகு, நோயாளியின் முன்னாலேயே, அந்த இடத்தை விட்டு எழுந்திருப்பதற்கு முன். முன்கூட்டியே ஒட்டி வைத்த வெறும் டியூப்கள் தட்டில் கலந்துவிடும். எடுத்து முடித்துக் கீழே போய் ஒட்டலாம் என்றால் சட்டைப் பையில் நான்கு ஊதா மூடி டியூப்கள் ஒன்று போலவே இருக்கும்.

ரத்த வகை பார்க்கவும் ரத்தம் ஏற்றவும் எடுக்கும் மாதிரி என்றால் இரட்டை ஜாக்கிரதை. இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு ரத்த வகை இருக்கிறது, தெரியும்தானே. 1952-இல் டாக்டர் ஒய். எம். பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் இங்கே கண்டறிந்த பம்பாய் வகை. சாதாரணச் சோதனையில் அது ஓ வகை போலவே காட்டும். ஆனால் ஓ வகையினரிடம் நிறைந்திருக்கும் எச் என்ற பொருள் இவர்களிடம் கிடையாது. அதை எதிர்க்கும் பொருள் ரத்தத்தில் இருக்கும். அதனால் ஓ ரத்தம்கூட ஏற்ற முடியாது, பம்பாய் வகைக்காரர் ஒருவரிடமிருந்துதான் வர வேண்டும். இந்தியாவில் ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவர் என்கிறார்கள். ரத்த வங்கியில் பொருத்தம் பார்க்கிறவர் இதையெல்லாம் பிடித்துவிடுவார். ஆனால் டியூப்பில் இருப்பது வேறொருவர் ரத்தம் என்றால் அவரால் என்ன செய்ய முடியும்? அந்தக் கட்டத்தில் நோயாளியைக் காப்பாற்ற இருந்த ஒரே ஆள் நாம்தான்.

ஜூன் 20

இன்று சிரித்த சிரிப்பைச் சொல்ல வேண்டும். தொண்ணூறடிச் சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், நான்கு டியூப் நிறைவதைப் பார்த்துவிட்டு, "அம்மா, கடையில் கடன் கேட்பவனுக்குக்கூட நான் இவ்வளவு கொடுத்ததில்லை" என்றார். நான்கும் சேர்ந்தால் மூன்று தேக்கரண்டிக்குள்தான் வரும் அண்ணாச்சி, உங்கள் உடம்பில் ஐந்து லிட்டர் இருக்கிறது என்றேன். "வட்டியோடு திருப்பிக் கொடு" என்றார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பேச்சுக் கொடுத்தால் பயம் குறைகிறது, பயம் குறைந்தால் சிரையும் விரிகிறது.

ஜூன் 23

"வரிசை முக்கியமா? ஒரே ரத்தம்தானே எல்லா டியூப்பிலும் போகிறது?" என்று பெங்களூர் சிவாஜி நகரிலிருந்து ஒரு தம்பி.

முக்கியம். டியூப்பின் மூடி நிறம், உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. ரத்தக் கிருமி வளர்ப்பு (கல்ச்சர்) இருந்தால் அது முதலில். பிறகு வெளிர்நீல மூடி, அடுத்து சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ஊதா மூடிக்குள் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும், பொட்டாசியம் கலந்த ஈ.டி.டி.ஏ. அதில் ஒரு துளி அடுத்த டியூப்புக்குப் போனாலும் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். அந்த ரிப்போர்ட்டைப் பார்க்கும் மருத்துவர் நோயாளியின் இதயம் நின்றுவிடுமோ என்று அஞ்சி ஓடுவார். ரத்தம் குறைந்துவிட்டது என்று ஊதாவிலிருந்து மஞ்சளுக்கு ஊற்றி நிரப்புவதாகச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். பெரிய லேப்தான் அதுவும். பெயர் சொல்லப்போவதில்லை.

வெளிர்நீலத்தில் கோடு வரை நிரம்ப வேண்டும், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட்; அதுவும் உறையாமல் தடுப்பதுதான். பட்டர்ஃபிளை ஊசியில், அதாவது சிறகும் நீண்ட மெல்லிய குழலும் உள்ள ஊசியில், அதை முதலில் வைத்தால் குழலில் இருக்கும் காற்று உள்ளே போய் அளவு குறையும். ஆகவே அதற்கு முன் வீணாக ஒரு டியூப் வைத்து எடுத்துக் கழிவில் போட்டுவிடுங்கள். சாம்பல் மூடியில் ஃப்ளோரைடு இருப்பது சர்க்கரைக்காக. அது இல்லாமல் வைத்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். கோவண்டியிலிருந்து ரயிலில் வடாலா மாறி லேபுக்கு வந்து சேர்வதற்குள் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை சரியாகிவிட்டதாகத் தெரியும்.

ஜூலை 8, இரவு

மழை பிடித்துவிட்டது, டெங்கு தொடங்கிவிட்டது. இனி செப்டம்பர் வரைக்கும் எல்லோருக்கும் பிளேட்லெட்தான் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) பேச்சு.

சயன் கோலிவாடாவிலிருந்து ஒரு தாய் நேற்று வந்தார். பத்து வயதுப் பையன். வேறோர் இடத்தில் எடுத்த ரிப்போர்ட்டில் பிளேட்லெட் முப்பதாயிரத்துச் சொச்சம். படுக்கை தேடி மூன்று மருத்துவமனை அலைந்திருக்கிறார், யாரோ ரத்தம் கொடுப்பவர்களை வரிசையாக நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பையனோ மேசைமேல் இருந்த பேனாவை எடுத்துத் தன் கையில் மீசை வரைந்துகொண்டிருந்தான். ஈறில் ரத்தம் இல்லை, தோலில் புள்ளி இல்லை. எங்கள் நோய்க்குறியியல் மருத்துவர் ஒருமுறை மறுபடி எடுத்துவிடலாம் என்றார்.

பையனின் இடது முழங்கையில் மூன்று குத்துத் தழும்பு இருந்தது. வலது கையில் எடுத்தேன், 23 எண் நீல ஊசி, ரத்தம் நிற்காமல் வந்தது. ஊதா டியூப்பை நிரம்பியதும் உடனே தலைகீழாகத் திருப்பி நிமிர்த்தினேன், அவசரமில்லாமல், எட்டு முதல் பத்து முறை. கண்ணாடித் தகட்டிலும் பூசிப் பார்த்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல், இயல்பான அளவிலேயே இருந்தது. அந்த அம்மா சுவரில் சாய்ந்து அழுதார்.

என்ன நடந்திருக்கும்? ரத்தம் துளித்துளியாக வந்திருக்கும். குழந்தை உதறியிருக்கும். பிடித்துக்கொண்டே டியூப்பை ஸ்டாண்டில் வைத்துவிட்டு அடுத்த டியூப்புக்குப் போயிருப்பார்கள். கலக்காத டியூப்பில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். இயந்திரம் அந்தக் கட்டியை எண்ணாது. அதனால் குறைவாகக் காட்டும். யாரும் தீய எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனால் கையைத் திருப்பி நிமிர்த்தும் பத்து நொடி வேலைக்கு ஒரு குடும்பம் ஒரு பகலும் ஓர் இரவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அலைந்தது. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

குலுக்காதீர்கள். குலுக்கினால் அணு உடையும், வேறு கணக்கெல்லாம் கெடும்.

ஜூலை 9

நாக்பூரிலிருந்து அனுபவமுள்ள ஒரு அண்ணன் எழுதியிருப்பது முக்கியமானது, அதனால் நேற்றைய குறிப்போடு சேர்த்து வாசியுங்கள். சிலருடைய ரத்தத்தில் நாம் எவ்வளவு சரியாக எடுத்துக் கலக்கினாலும் ஈ.டி.டி.ஏ. பட்டதும் பிளேட்லெட் கட்டியாகிவிடும். அது அவர்களின் உடல்வாகு, நோயல்ல. அப்போது சிட்ரேட் டியூப்பில் எடுத்து, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்கிக் கணக்கிட வேண்டும். ஆகவே எல்லாப் பொய்க் குறைவுக்கும் ரத்தம் எடுத்தவரையே குற்றம் சொல்லிவிட முடியாது என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பையன் விஷயத்தில் இரண்டாவது ஊதா டியூப்பே சரியாக வந்தது, அதனால் அங்கே கையில்தான் பிசகு.

டெங்கு என்று சந்தேகம் இருந்தால் டூர்னிகேயை இன்னும் குறைந்த நேரம், இன்னும் இறுக்கம் குறைத்துக் கட்டுங்கள், பஞ்சை நீண்ட நேரம் அழுத்துங்கள்.

ஜூலை 13, இரவு

இனி முதல் குறிப்பில் விட்ட இடத்துக்கு வருகிறேன். முலுண்டுத் தங்கை தனியாக எழுதியிருக்கிறார்: அவர் தோழிக்கு ஊசி குத்திவிட்டது. மூடியைத் திரும்பப் போடும்போது. பொறுப்பாளரிடம் சொன்னதற்கு, "சோப்புப் போட்டுக் கழுவு, வெளியே சொல்லாதே, பெயர் கெட்டுவிடும்" என்றாராம்.

கழுவச் சொன்னது சரி. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது, ஸ்பிரிட்டோ பிளீச்சிங் கரைசலோ ஊற்றக் கூடாது. அதற்கு மேல் அவர் சொன்னது எல்லாம் குற்றம் என்றே நான் சொல்வேன்.

எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் தோய்ந்த ஊசி குத்தினால் தொற்றுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம். மிகக் குறைவு. அதையும் குறைக்க மருந்து இருக்கிறது: இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்லது, 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். சயன், கே.ஈ.எம்., நாயர், ஜே.ஜே. மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. மையம் (எச்.ஐ.வி. மருந்து தரும் இடம்) இருக்கிறது, இரவாக இருந்தால் அவசரப் பிரிவுக்கே நேராகப் போங்கள். மையம் திறக்கட்டும் என்று காலை வரை காத்திருக்க வேண்டாம். யாருடைய ஊசி என்பதைச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், அவர் சம்மதத்தோடு அவருக்கும் சோதனை செய்வார்கள்.

ஹெபடைட்டிஸ் பி அப்படியல்ல. தடுப்பூசி போடாதவருக்கு அந்த வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. மும்பையில் ரத்தம் எடுக்கக் கற்பிக்கும் இடங்கள் எத்தனையோ இருக்கின்றன, சேர்க்கைக் கட்டணத்தைக் கேட்கும் கவனம் தடுப்பூசி அட்டையைக் கேட்பதில் எல்லோரிடமும் இல்லை. மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். கடைசித் தவணை முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும், 10 mIU/ml-க்கு மேல் இருக்க வேண்டும். வகுப்பில் ஒருவர் கையை ஒருவர் குத்திப் பழகச் சொல்கிறார்கள் அல்லவா, அதற்கு முன் இதைக் கேளுங்கள். விருப்பமில்லாத மாணவியை நீட்டு கையை என்று வற்புறுத்தவும் யாருக்கும் உரிமையில்லை.

ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. ஊசி குத்தாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. அதனால்தான் மூடியைத் திரும்பப் போடாதே என்று எல்லா வழிகாட்டுதலிலும் இருக்கிறது. தோழி போட்டது ஏன்? பெட்டி எட்டவில்லை. நோயாளியின் கைப் பஞ்சைப் பிடித்துக்கொண்டு ஊசியோடு நடக்க முடியாது என்று மூடினாராம். பாருங்கள், அந்தப் பெண்ணின் தவறே அல்ல அது. மேசையைப் போட்டவரின் தவறு.

தங்கை, தோழியிடம் இந்த நிமிடமே சொல்லுங்கள், இரவு என்றும் பார்க்க வேண்டாம். ஊசி குத்தியது நேற்று மாலை என்று எழுதியிருக்கிறீர்கள். நேரம் இருக்கிறது.

ஜூலை 14, காலை

போய்விட்டார்களாம். நள்ளிரவுக்கு மேல் தங்கையும் தோழியும் ஆட்டோ பிடித்துப் போய், முதல் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லையாம். நன்றாக இருக்கட்டும்.

ஜூலை 17

கையுறை போட்டால் சிரை தெரிவதில்லை என்று பலர். ஒருவர் விரல் நுனியை மட்டும் கத்தரித்துவிட்டுப் போடுவதாக எழுதியிருக்கிறார். அதற்குப் போடாமலே இருக்கலாம்.

முதலில் கை கழுவி, வெறும் விரலால் தேடி, இடத்தை நினைவில் வையுங்கள்: மச்சத்துக்குக் கீழே, இரண்டாவது மடிப்புக்கு ஓரம் என்பது போல. பிறகு துடைத்துக் கையுறை போடுங்கள். அளவு சரியான கையுறையில் பழகப் பழக விரல் உணரும். எல்லோருக்கும் ஒரே பெரிய அளவுப் பெட்டி வாங்கிப் போடும் லேபில்தான் இந்தப் புகார் அதிகம். கையுறை ஊசியைத் தடுக்காது என்பதும் உண்மைதான். ஆனால் ஊசி அதைத் துளைத்துப் போகும்போது வெளிப்புறத்து ரத்தத்தில் ஒரு பகுதி கையுறையிலேயே துடைபட்டுவிடும்.

ஜூலை 18

மயக்கம் பற்றிச் சுருக்கமாக. குத்துவதற்கு முன் கேளுங்கள்: முன்பு எப்போதாவது ரத்தம் எடுக்கும்போது தலை சுற்றியதுண்டா? உண்டென்றால் படுக்கவைத்து எடுங்கள். நின்றபடியோ உயர்ந்த முக்காலியிலோ யாருக்கும் எடுக்காதீர்கள். மேலுதட்டில் வியர்வை, கொட்டாவி, முகம் வெளுப்பு, திடீரென்று பேச்சு நிற்பது, இதெல்லாம் முன்னறிகுறி. அப்போது முதலில் டூர்னிகே, பிறகு ஊசி, பிறகு நோயாளியைப் படுக்கவைத்துக் கால் உயர்த்துதல். ஊசி கையில் இருக்கும்போதே ஆளைத் தாங்கப் போனால் இரண்டு பேருக்கும் காயம்.

முடிந்ததும் கையை மடக்கச் சொல்வது பழைய வழக்கம். மடக்கினால் கன்றிப்போகும். நீட்டியபடியே பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ சாப்பிடுகிறவர் என்றால் ஐந்து நிமிடமாவது அழுத்த வேண்டும்.

ஜூலை 22, இரவு

"கிடைக்கும்வரை குத்தாமல் எப்படிக் கற்றுக்கொள்வது?" என்று அந்தப் பெங்களூர்த் தம்பி மறுபடி. கோபமாகவே கேட்கிறார்.

இரண்டு முறை, தம்பி. இரண்டாவது முறையும் கிடைக்கவில்லை என்றால் கை மாற வேண்டும், இன்னொருவர் வர வேண்டும். நோயாளியின் கை நமக்குப் பாடப்புத்தகம் இல்லை.

செம்பூரில் ஒரு பாட்டியிடம் மாதந்தோறும் போவேன். சிறுநீரகம் பழுது, டயாலிசிஸ். இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம், இருக்கிறது, விரல் வைத்தால் உள்ளே அதிர்வு ஓடுவது தெரியும். அந்தக் கையில் ரத்தம் எடுக்கக் கூடாது, டூர்னிகே கட்டக் கூடாது, ரத்த அழுத்தம்கூடப் பார்க்கக் கூடாது. வாரம் மூன்று முறை அவர் உயிர் ஓடுவது அந்த வழியாகத்தான். அவசரத்தில் வந்த யாரோ ஒருவர் கேட்காமல் அந்தக் கையை எடுத்திருக்கிறார். பாட்டி "ஐயா, இந்தக் கை வேண்டாம்" என்று கும்பிட்டாராம். அதை எனக்குச் சொல்லும்போதும் கும்பிட்டுக் காட்டினார். மார்பக அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும் அந்தப் பக்கத்துக் கை வேண்டாம். குளுக்கோஸ் ஏறுகிற கையும் வேண்டாம், நீர்த்துப்போன ரத்தம்தான் வரும். இதையெல்லாம் சீட்டில் எழுதி இருக்காது, நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

வலது புறங்கையில் அவருக்கு ஒரு சிரை இருக்கிறது, மெல்லியது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சற்று நேரம் சுற்றி வைத்தால் எழும்பும். பட்டர்ஃபிளை ஊசி, சிறிய டியூப். பெரிய டியூப்பின் வெற்றிடம் அந்தச் சிரையை உறிஞ்சி மூடிவிடும். சில மாதம் முதல் குத்தில் கிடைக்கும், சில மாதம் கிடைக்காது. கிடைக்காத மாதம் என் சக ஊழியரை அழைக்கிறேன். பாட்டிக்கு அதில் வருத்தமில்லை, வந்த இருவருக்கும் சேர்த்துக் காபி போடுகிறார்.

ஜூலை 29

கடைசியாக வந்த கேள்வி: வீட்டுக்குப் போய் எடுக்கும்போது கழிவை என்ன செய்வது? "அங்கேயே குப்பையில் போட்டுவிடு" என்று ஒரு லேபில் சொல்லித் தருகிறார்களாம்.

தாராவியில் பதின்மூன்றாம் காம்பவுண்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நகரம் முழுவதும் எறிகிற பிளாஸ்டிக் அங்கே வந்து இறங்குகிறது. தரையில் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிப்பவர்களில் பெண்கள் நிறையப் பேர். கையுறை எல்லோரிடமும் கிடையாது. குவியலில் சிரிஞ்சுகளும் வரும். நீங்கள் அந்தேரியில் ஒரு சமையலறைக் குப்பைத்தொட்டியில் போட்ட ஊசி யார் விரலில் முடியும் என்று எனக்குச் சொல்லத் தெரிகிறது.

2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிப்படி ஊசிக்கு வெள்ளை ஒளிபுகும் பெட்டி, துளைக்க முடியாதது, முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி முத்திரையிட வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில். கையுறையும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் சிவப்புப் பையில். வீடுகளுக்குப் போகும்போது பையின் வெளி அறையில் சிறிய ஊசிப் பெட்டி ஒன்றும் மஞ்சள், சிவப்பு உறைகளும் வைத்திருக்கிறேன், ரயிலில் நெரிசலில் அது திறந்துவிடாமல் பூட்டு விழும் மூடி. திரும்பி வந்ததும் லேபின் கழிவோடு சேர்த்துவிடுகிறேன்.

இன்சுலின் போடுகிற வீடுகளில் நானே கேட்கிறேன், ஊசியை எங்கே போடுகிறீர்கள் என்று. பெரும்பாலும் பதில் வராது. மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சேர்த்து, நிறைவதற்கு முன் மூடி, டேப் ஒட்டி, மேலே 'ஊசி' என்று மராத்தியிலோ இந்தியிலோ பெரிதாக எழுதி, வீட்டுக் குப்பையோடு கலக்காமல் குப்பை வண்டிக்காரர் கையில் சொல்லிக் கொடுக்கச் சொல்கிறேன். எழுதத் தெரியாத வீட்டில் நான் எழுதித் தருகிறேன். மார்க்கர் பேனா பையில் இருக்கிறது.